பகாவ் சந்தையில் என் முட்டைகள்

1

எங்கள் கல்யாண நாள் வந்தால் என் கணவர் குணா என்னை சி ரூசா கடற்கரைக்கு அழைத்துப் போவார். ஒவ்வொரு வருடமும் அதே கலங்கல் தண்ணீர், அதே கடை, அதே பொரித்த மீன். கடலைப் பார்த்தபடி, "இந்தியாவுல இந்த மாதிரி எடம் இருக்கா?" என்று கேட்பார். இந்தியாவுக்கு மூன்று பக்கமும் கடல்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இந்த வருடம் வரமாட்டேன் என்றேன். "அப்ப பகாவ் போவோம் லா, அக்காவப் பாத்து நாளாச்சி. பாசார்ல மீன் வாங்கிட்டுப் போலாம்" என்றார். எங்கே போனாலும் அவருக்கு முடிவில் ஒரு மீன் வேண்டும்.

மலேசியா என்றதும் இரட்டைக் கோபுரத்தை நினைத்துக்கொள்ளும் உங்களுக்கு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாங்கள் இருப்பது நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்குத் தெற்கே, சுங்கை காடுட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில். குணா அங்கே ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பகாவ், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சந்தை ஊர். எங்கள் சன்னலிலிருந்து கோபுரம் தெரியுமா என்று நான் வந்த புதிதில் திருச்சியிலிருந்து என் தம்பி கேட்டான். இப்போதும் கேட்கிறான்.

சந்தையில் குணா மீன் கடைக்குப் போனார். நான் நிழலைத் தேடிக்கொண்டு நடந்தேன். மலிவு உள்ளாடைகளுக்கும் அவரை போல் நீண்ட பெத்தாய்க் காய் கட்டுகளுக்கும் நடுவே ஒரு பெரிய துணிப் பதாகை. "புற்றுக் கட்டிக்கு இரத்த குழாயை வெட்டு! பட்டினி போட்டு கொள்ளு!" என்று தமிழில் எழுதியிருந்தது. கொல்ல வேண்டியதைக் கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதன் கீழே வட்டமாக இரண்டு படங்கள். இடப்பக்கம் சிவப்பு நரம்புகள் கிளைவிட்டுப் படர்ந்த மஞ்சள் வட்டம், அதற்கு 'முன்'. வலப்பக்கம் நடுவில் வெளுத்துப்போன அதே மாதிரி வட்டம், அதற்கு 'பின்'.

அது என் முட்டை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வலப்பக்க முட்டையின் ஓட்டில் சன்னல் வெட்டும்போது என் கத்தரிக்கோல் வழுக்கி, ஓரம் கோணலாக உடைந்துவிட்டது. அதற்காக அன்று பேராசிரியரிடம் வாங்கிய திட்டு உட்பட எனக்கு நினைவிருக்கிறது.

கடைக்காரர் என்னைக் கவனித்துவிட்டார். கழுத்தில் உருத்திராட்சம், காதில் ஒலிவாங்கி, சட்டைப் பையில் 'மாஸ்டர் தேவன்' என்று எம்பிராய்டரி. இந்த நாட்டில் கராத்தே சொல்லித் தருபவரும் மாஸ்டர், சாம்பிராணி விற்பவரும் மாஸ்டர்.

"வாங்க சிஸ்டர். இது ஒரு பேஷண்ட்டோட கட்டி. லெஃப்ட்ல குடிக்கிறதுக்கு முன்னாடி, ரைட்ல நம்ப ஜூஸ் குடிச்ச பின்னாடி. பாருங்க, பிளட் சப்ளை ஃபுல்லா கட்!"

"அது கோழி முட்டை" என்றேன்.

அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "கட்டி உருண்டையாதானே இருக்கும் சிஸ்டர். முட்டை மாதிரிதான் தெரியும்."

நான் மறுபடி பதாகையைப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் ஒரு சின்னக் கோப்பையில் கறுப்பாக எதையோ ஊற்றி நீட்டினார். மஞ்சளும் நித்தியகல்யாணியும் இன்னும் ஏதோ இலையும் கலந்த நாற்றம். இங்கே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் வாசலிலெல்லாம் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் அந்த நித்தியகல்யாணிக்கு, நம் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. வேரோ இலையோ எதைக் காய்ச்சிக் குடித்தாலும் விஷம். கோப்பையை வாங்கி அவருடைய மேசைத் துணியிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

2

அந்த முட்டைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களில் யாராவது அந்த ஜூஸின் விலாசம் கேட்டு எழுதுவீர்கள்.

கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். நாமக்கல் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கரு உள்ள முட்டைகள் வரும். கரு வளர வளர, ஓட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வில் இரத்தக் குழாய்கள் படரும். ஓட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, அந்தச் சவ்வின் மேல் செடிச்சாறு தோய்த்த பொட்டுத்தாள் ஒன்றை வைத்து, மூடிவிட்டுக் காத்திருப்போம். பிறகு திறந்து பார்த்தால், சில செடிகளின் சாறு பட்ட இடத்தில் குழாய்கள் வளராமல் ஒதுங்கிப் போயிருக்கும். பார்க்க அழகாகவே இருக்கும்.

இதற்கும் புற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றால், கட்டி வளர வேண்டுமானால் அதற்கும் சாப்பாடு வேண்டும். அக்கம்பக்கத்து இரத்தக் குழாய்களை அது தன் பக்கம் கிளைவிட வைக்கும். அந்தக் கிளையைத் தடுத்தால் கட்டி பெருக முடியாமல் திணறும். தடுக்கிற பொருள்கள் செடிகளில் இருக்கின்றன. மஞ்சளில் இருக்கிறது, தேயிலையில் இருக்கிறது, நித்தியகல்யாணியிலும் இருக்கிறது. இவ்வளவும் உண்மை. மாஸ்டர் தேவனோடு எனக்குள்ள தொல்லையே அதுதான். முழுப் பொய் சொல்கிறவனை ஒரு வாக்கியத்தில் விரட்டிவிடலாம். கால்வாசி உண்மை சொல்கிறவனோடு காலம் முழுக்க மல்லுக்கட்ட வேண்டும்.

முட்டையில் நின்றது எலியில் நிற்காது. எலியில் நின்றது மனிதனில் நிற்காது. குடித்த மஞ்சளில் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்வதே இல்லை. நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த மருந்து ஆஸ்பத்திரியில் இருப்பது நிஜம். ஆனால் மூட்டை மூட்டையாக இலையை அரைத்தால் துளி கிடைக்கும், அந்தத் துளியையும் ஆளின் எடைபார்த்து ஊசியில் ஏற்றுவார்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. அங்கேயும் பிடிக்கவில்லை.

எங்கள் ஆய்வைப் பற்றி ஓர் உள்ளூர்ப் பத்திரிகை, புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகவே செய்தி போட்டது. மறுநாள் காலையில் கல்லூரி வாசலில் கூட்டம். கையில் ஸ்கேன் படங்களோடு மணப்பாறையிலிருந்தும் துறையூரிலிருந்தும் வந்திருந்தார்கள். பேட்டி கொடுத்த பேராசிரியர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நான்தான் நின்று, ஐயா இது முட்டை, அம்மா இது வெறும் முட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்த ஒருவர், "முட்டைக்குச் சரியானது மனுசனுக்கு எப்பம்மா சரியாகும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குப் பத்திரிகைக்காரர்களையும் பேராசிரியர்களையும் மரியாதையாகப் பார்க்க வரவில்லை. வாட்சப் வந்த பிறகு அந்தப் பட்டியலில் உங்களையும் சேர்த்துக்கொண்டேன்.

கல்யாணமாகி இங்கே வந்ததும் என் படிப்பு செல்லாது என்றார்கள். மனைவி விசாவில் வேலை பார்க்கவும் கூடாது. சிரம்பான் குடிநுழைவு அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விகள். என் புதிய மலாயில், ஊரில் முட்டை ஆராய்ச்சி செய்தேன் என்று சொன்னேன். அந்த அதிகாரி அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு, "முட்டை வியாபாரமா? இங்கேயும் நல்லா ஓடும்" என்றார். குணா பக்கத்தில் நின்று சிரித்தார். நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை கைக்கு வருவதற்குள் என் தலையில் பாதி நரைத்துவிட்டது.

3

படம் எப்படிப் போனது என்பது ஒரு போன் அழைப்பில் தெரிந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் ஷாமினி கோலாலம்பூரில் விளம்பரப் படங்கள் வடிவமைக்கிறாள். பழைய லேப்டாப்பில் என் முட்டைகளை வைத்திருந்தேன். போன விடுமுறைக்கு வந்தபோது எடுத்துப் போயிருக்கிறாள்.

"மா, சில் லா. ரொம்ப அழகா இருந்துச்சி, அப்ஸ்ட்ராக்ட் மாதிரி. கிளையண்ட் ஏதோ ஹெல்த் டிரிங்க்னு சொன்னாரு."

"அதுல தமிழ்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. டிரான்ஸ்லேட் ஆப்ல போட்டு பேஸ்ட் பண்ணேன். ஏன், ஸ்பெல்லிங் தப்பா?"

தமிழ்ப் பள்ளி வேண்டாம், எதிர்காலம் இருக்காது என்று அவள் அத்தைகளும் சித்தப்பாக்களும் கூடிப் பேசி அவளை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அந்த எதிர்காலம் இப்போது பகாவ் சந்தையில் பதாகையாகத் தொங்குகிறது. திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள், இன்னொரு கால் வருகிறது என்று வைத்துவிட்டாள். எங்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான் முடிகிறது.

காரில் குணா மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு, "சின்னப் பிள்ள, தெரியாம செஞ்சிட்டா" என்றார். அவள் வயதில் நான் கடல் கடந்து வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, கோபம் தணியாமலே அவர் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன்.

4

குணாவின் அக்கா பார்வதி பகாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். நாற்றுப் பண்ணையில் காலமெல்லாம் பைகளில் மண் நிரப்பி, ஓய்வு பெற்ற பிறகும் தோட்டத்து வீட்டை விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பவர். கணவர் இறந்து நாளாயிற்று, பிள்ளைகள் இல்லை. குரலைக் கேட்டால் வேலை வாங்கும் மண்டோர்கூட ஒதுங்கி நிற்பார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன், அவர் என்னைச் சுமதி என்று பெயர் சொல்லி, பெரும்பாலும் அதட்டித்தான் கூப்பிடுவார்.

சாமித் தட்டில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாஸ்டர் தேவனின் பாட்டில் நின்றது. அதற்கு விபூதி பூசி, பொட்டும் வைத்திருந்தார். அண்ணியின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"இது என்ன அண்ணி?"

"காப்பு."

"திருவிழாதான் முடிஞ்சிடுச்சே. இப்ப எதுக்குக் காப்பு?"

"மருந்துக்கு. மாஸ்டரு ஒரு மண்டலம் குடிக்கச் சொன்னாரு. மண்டலம்னா வெரதம்தானே. வெரதம்னா காப்பு கட்டாம எப்படி? பூசாரியக் கூப்புட்டு நாந்தான் கட்டிக்கிட்டேன்."

அந்த மாஸ்டருக்கே தோன்றாத யோசனை இது. விற்கிறவன் ஒரு பங்கு முட்டாளாக்கினால், நம் ஆட்கள் மீதிப் பங்கைச் சொந்தக் கையால் போட்டுக்கொள்கிறார்கள். நான் சிரித்தேன். உடம்புக்கு என்ன, எதற்காக மருந்து என்று குணாதான் கேட்டார்.

அண்ணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மழை வருமா என்று கேட்கும் குரலில் சொன்னார். "மார்ல கட்டி. சிரம்பான் ஆஸ்பத்திரில ஊசி குத்தி எடுத்துப் பாத்தாங்க. கெட்டதுதான்னு சொல்லிட்டாங்க. புதன்கெழம ஆப்ரேஷன்னு டேட்டு. வர முடியாதுன்னு சொல்லலாம்னு போன் போடுறேன், எடுக்கவே மாட்றாங்க."

"ஏன் வர முடியாது?"

"காப்பு கட்டினா தோட்டத்து எல்லையத் தாண்டக்கூடாது. தெரியாதா ஒனக்கு?"

குணா மீன் பையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பெரிய விஷயத்தை எங்களிடம் மறைத்துவிட்டு, ஒரு சந்தைக் கடைக்காரனை நம்பி உயிரைப் பணயம் வைப்பீர்களா, படித்த ஒருத்தி வீட்டில் இருப்பது தெரியாதா என்று கத்தினேன்.

அண்ணி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஒன் முட்டைப் படந்தானே அதுல போட்டிருக்கு. கல்யாணமாகி வந்தப்ப எங்கிட்ட காட்டுனியே, நான்கூட தோசை மாதிரி இருக்குன்னு சொன்னேன். பாசார்ல பாத்ததும் புரிஞ்சிக்கிட்டேன். நீ கண்டுபுடிச்ச மருந்து, நான் குடிக்காம வேற யாரு குடிப்பா?"

பதில் இல்லாதபோது நான் என்ன செய்வேனோ அதையே செய்தேன். பாடம் எடுத்தேன். இந்தச் சாறு நிஜமாகவே குழாய் வளர்வதைத் தடுத்தால், ஆப்ரேஷன் காயம் ஆறவும் புதுக் குழாய் வேண்டும், தையல் ஒட்டாது. தடுக்காவிட்டால் இதைக் குடித்து என்ன பயன்? எப்படிப் பார்த்தாலும் ஊற்றிவிட வேண்டியதுதான். அண்ணி வானொலி கேட்பதுபோல் கடைசி வரை கேட்டார்.

"சரி. ஊத்திடு. நீயே வேணாங்கிறப்ப நான் ஏன் குடிக்கிறேன். ஆனா காப்பு ஆத்தாவுக்குக் கட்டினது. அத நீ சொன்னா அவுக்க முடியாது."

5

பூசாரி பகலில் தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறவர். கோயில் வாசலில் எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடியது, ஆனால் தலை அசையவில்லை. மண்டலம் என்று சொல்லிக் கட்டியது, நடுவில் அவிழ்த்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்றார்.

"போன திருவிழாவுல நீங்க காப்போட பகாவ்ல பூ வாங்கினத நான் பாத்தேனே?" என்றேன்.

"அது சாமி வேல மா."

"ஒரு பொம்பள உயிர் பிழைக்கிறது யாரு வேல?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குச் சாமியும் கிடையாது, சடங்கும் கிடையாது என்றார். சாமியை இங்கே ஏற்றுமதி செய்ததே நாங்கள்தான் என்று நான் திருப்பிக் கொடுத்தேன். உண்மையில் எனக்கு அழுகை வந்தது. நேற்றுவரை கண்டதற்கெல்லாம் என்னை அதட்டிக்கொண்டிருந்த ஒரு மனுஷி, ஒரு முழம் மஞ்சள் கயிற்றுக்காகச் செத்துப்போவாரா என்று பயந்துபோனேன். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த அறிவியலெல்லாம் அந்த வாசலில் செல்லாக் காசு.

அதுவரை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் நின்ற குணா முன்னால் வந்தார். "அண்ணே, அப்பா லோரி ஓட்டுன காலத்துல காப்போட தெனமும் மில்லுக்குப் போவாருல்ல. ஆத்தா சூலத்துல இருந்து ஒரு எலுமிச்சம்பழம் குடுத்து அனுப்புவீங்க. பழம் கூடப் போனா ஆத்தாளே கூடப் போற மாதிரின்னு சொல்வாரு. அக்காவுக்கும் ஒரு பழம் குடுங்களேன்."

பூசாரி கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சூலத்தில் குத்தியிருந்த பழத்தை எடுத்துக் குங்குமம் வைத்துக் கொடுத்தார். "போய்ட்டு வரச் சொல்லு. பழம் தரையில படக்கூடாது" என்றார். இத்தனை வருடமாக மீனுக்கும் கலங்கல் கடலுக்கும்தான் லாயக்கு என்று நான் எடைபோட்டு வைத்திருந்த மனிதர், அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதுபோல் பேசி முடித்துவிட்டார். காரில் ஏறியதும் அவர் மீன் கெட்டுப்போயிருக்குமா என்று கவலைப்பட்டார்.

6

ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்கக் கவுண்ட்டர்கள். ஒன்றில் எண் வாங்கி இன்னொன்றில் காத்திருந்து, மூன்றாவதில் முதலாவதுக்கே திரும்பிப் போகச் சொன்னார்கள். இந்த விஷயத்தில் நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரே வித்தியாசம், இங்கே குளிர்பதனம் உண்டு.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அண்ணி பெருமையாகப் பாட்டிலின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். இதைத் தயாரித்தது யார் என்று டாக்டர் கேட்க, அண்ணி மலாயில் தெளிவாக, இதோ இவள்தான், என் தம்பி பெண்டாட்டி, இந்தியாவில் படித்தவள் என்றார். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தையில் மாஸ்டர் தேவனை நான் எப்படிப் பார்த்தேனோ, அதே பார்வை. நான் விளக்கத் தொடங்கினேன். என் மலாய் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. முட்டை, முட்டை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கிறது. அவர் இரத்தப் பரிசோதனை எழுதிவிட்டு, இரத்தம் உறைவது சரியாக இருந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார். நல்லவேளை, சரியாகவே இருந்தது.

அறுவை அறைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு தாதி வந்து மணிக்கட்டைப் பார்த்தார். உள்ளே நகையோ கயிறோ எதுவும் போகக்கூடாது. "இத எடுக்கணும் மக்சிக்" என்று அத்தை முறை வைத்து மலாயில் சொல்லிக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் சின்னக் கத்தரியால் சட்டென்று வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். அண்ணி கண்ணை மூடியிருந்தார். எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, "பழம் ஒங்கிட்டதானே இருக்கு? தரையில வைக்காத" என்றார். அவரை வெளியே கொண்டுவரும் வரை அந்தப் பழத்தை நான் கையிலேயே வைத்திருந்தேன். யாராவது என் பேராசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்து வந்த மாதங்களில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாய் புண்ணாயிற்று. செய்தி தெரிந்து ஊரிலிருந்து நீங்கள் அனுப்பிய வைத்தியங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சீத்தாப்பழ இலை, பசுங்கோமியம், கழுதைப் பால், வெறும் வயிற்றில் ஏதோ ஒரு விதை. என் தம்பி அனுப்பிய காணொளியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், கட்டியின் இரத்தக் குழாயை மஞ்சள் வெட்டும் விதத்தைக் கத்தரிக்கோல் படம் போட்டு விளக்குகிறார். அவருக்குப் பின்னால் சுவரில் கோயில் நாட்காட்டி தொங்குகிறது. இங்கே இருப்பவர்களுக்கு இந்தியாவிலிருந்து வருவதெல்லாம் வேதம். உங்களுக்கு விளையாட்டாக ஒரு விரல் தட்டல், இங்கே ஒருவருக்கு அது மருந்துச் சீட்டு. அனுப்புகிற கைக்கு ஒரு கூச்சமும் இல்லை.

ஒரு நாள் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, இதுவும் ஒரு மரத்துப் பட்டையிலிருந்து வந்ததுதான் அண்ணி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப மாஸ்டரு சொன்னது சரிதானே?" என்றார். அளவு, சுத்திகரிப்பு, ஆயிரம் பேரிடம் சோதித்துப் பார்ப்பது என்று நான் மறுபடி பாடத்தை ஆரம்பித்தேன். அண்ணி தூங்கிப்போனார்.

7

அண்ணிக்கு முடி முளைத்துக் குட்டையாக நரைத்து நின்ற சமயம், மாஸ்டர் தேவன் தோட்டத்து மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் கூட்டம் போட்டார். தன் ஜூஸ் குடித்துப் பிழைத்தவர்கள் மேடையில் வந்து பேசுவார்களாம். முதல் பெயர் பார்வதி. அண்ணியும் போகிறேன் என்றார். குணாவுக்கு அன்று வேலை. மேடையில் ஏறி அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிடுவது என்று முடிவுசெய்து நானே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறையப் பெண்கள். மேடையில் என் முட்டைகள், முன்பைவிடப் பெரிதாக. நான் கடைசி வரிசையில், எப்போது எழலாம் என்று காத்திருந்தேன். அண்ணி ஒலிவாங்கியை வாங்கி, பண்ணையில் ஆட்களைக் கூப்பிடும் குரலில் பேசினார்.

"மாஸ்டரு ஜூஸ நான் குடிச்சேன். காப்பு கட்டிக் குடிச்சேன். கட்டி பாட்டுக்கு வளந்துக்கிட்டு இருந்துச்சி. அப்பறம் சிரம்பான்ல மாரையே எடுத்துட்டாங்க. மருந்து ஏத்துனாங்க, முடியெல்லாம் போச்சி. ரொம்ப பயமா இருந்துச்சி. ஆனா வலி நான் நெனச்ச அளவுக்கு இல்ல. இப்ப சோறு எறங்குது. அவ்வளவுதான். ஜூஸு ரொம்பக் கசப்பு மாஸ்டர், கொஞ்சம் சீனி போடுங்க."

மாஸ்டர் தேவன் ஒலிவாங்கியைப் பிடுங்கி, "பாத்தீங்களா, எவ்வளவு ஹெல்த்தியா இருக்காங்க!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வெறுத்துவிட்டது. இவ்வளவு வெட்டவெளிச்சமாகச் சொன்ன பிறகும் கை தட்டுகிற கூட்டத்துக்கு எதைச் சொல்லி என்ன பயன்? சண்டை போடும் ஆசைகூடப் போய்விட்டது. எழுந்து காருக்கு வந்தேன்.

காரை மண்டபத்தின் பின்பக்கம் குழாயடி ஓரமாக நிறுத்தியிருந்தேன். பின்கதவைத் திறந்து குனிந்து அண்ணியின் பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது, காருக்கு அந்தப் பக்கம் அண்ணி கை கழுவும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் கூட வந்திருந்தாள். இளங்குரல்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரில பாக்குறது ஆம்பள டாக்டரா?"

"பொம்பளதான். சின்னப் பொண்ணு. நல்லாப் பேசும்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் குரல் இன்னும் தாழ்ந்தது. "எனக்கும் இங்க ஒண்ணு இருக்குக்கா. மாசக் கணக்கா இருக்கு. மாஸ்டரு ஜூஸு குடிச்சிக்கிட்டு இருக்கேன். யாருகிட்டயும் சொல்லல. அந்த இந்தியாக்கார அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஏசுவாங்க. சிரிப்பாங்க."

அண்ணி குழாயை மூடினார். "சிரிப்பாதான். என்னையப் பாத்தும் சிரிச்சா. ஆனா காரு அவகிட்டதானே இருக்கு." பிறகு வழக்கம்போல அதட்டினார். "சுமதி! வண்டிய எடு. பகாவ் கிளினிக்குப் போறோம். வழியில நீ வாயத் தொறக்கக்கூடாது."

நான் நிமிர்ந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டாள். நித்தியகல்யாணியின் விஷம் பற்றி, மண்டலக்கணக்கில் வீணாக்கிய நாள்களைப் பற்றி, மேடையில் நிற்கும் முட்டைகளைப் பற்றிச் சொல்ல என் வாய்க்குள் ஒரு முழுப் பாடம் தயாராக இருந்தது. பின்சீட் வெயிலில் சுட்டது. என் துப்பட்டாவை எடுத்து அதன் மேல் விரித்தேன். அவள் தயங்கி ஏறி உட்கார்ந்தாள்.

பகாவ் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் ஓட்டினேன்.